அவசரத்தைக் குறைப்பது எப்படி? பினாங்கில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆறு வார வழிகாட்டி

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையை விடவோ, ஊரை விட்டுப் போகவோ சொல்லப் போவதில்லை. இருக்கிற நாளுக்குள்ளேயே ஓய்வும் அமைதியும் எங்கே கிடைக்கும், எந்த வரிசையில் போனால் கிடைக்கும் என்பதுதான் விஷயம்.

நான் பட்டர்வொர்த்தில் குடியிருந்து, தினமும் பினாங்குப் பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் வேலை செய்தவள். ரத்த அழுத்தம் ஏறியபோது மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். எப்படி எடுப்பது என்று சொல்லவில்லை. அதை நானே தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு என் நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, கூட வேலை செய்த பிள்ளைகள், கோயிலில் பழக்கமானவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். விடியற்காலை தியானத்தில் தொடங்கினார்கள், நான்காம் நாள் விட்டுவிட்டார்கள். தொடங்க வேண்டிய இடம் முந்தின இரவு.

தொடங்குவதற்கு முன்

தேவையானவை கொஞ்சம்தான். ஒரு சின்ன நோட்டு, பேனா, பேட்டரியில் ஓடும் அலாரம் கடிகாரம், ஜன்னலோரமோ வாசலிலோ போட ஒரு நாற்காலி. யோகா பாய், கைப்பேசிச் செயலி, மாதச் சந்தா எதுவும் இப்போது வேண்டாம். எதை வாங்கலாம் என்று தேடி ஒப்பிடுவதிலேயே முதல் வாரம் போய்விடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஆறு வாரம் ஒதுக்குங்கள். தீபாவளிக்கு முந்தின வாரத்திலோ, தைப்பூச வாரத்திலோ, வீட்டில் பிள்ளை எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) எழுதும்போதோ தொடங்காதீர்கள். அந்த நாட்களின் ஓட்டத்துக்குக் காரணம் உண்டு, அதோடு மல்லுக்கட்டினால் முதல் படியிலேயே மனம் தளர்ந்துவிடும்.

வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குறிப்பாகப் பெண்கள். பகலில் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும் வீடுகள் நம்முடையவை. "இன்று முதல் காலையில் கொஞ்ச நேரம் இங்கே உட்காருவேன், அப்போது கூப்பிட வேண்டாம்" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். "உட்காரலாமா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அது அடுத்தவர் தரும் சலுகையாகிவிடும், வேலை கூடும் நாளில் முதலில் பறிபோவதும் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, எதிலும் பிடிப்பே இல்லை என்றால், முதலில் அருகில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) போங்கள். தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு போன்றவை இருந்தால் இந்தப் படிகள் மட்டும் போதாது. நெஞ்சு வலி என்றால் கிளினிக்கும் வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

1. மூன்று நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். எப்போதெல்லாம் பதற்றமாக ஓடுகிறீர்களோ, அப்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். மணி என்ன, எந்த வேலையை விட்டு எந்த வேலைக்குப் போனீர்கள், அவ்வளவு போதும்.

என் நோட்டில் இருந்த வரிகள் இப்படி: "6.10, குளித்துக்கொண்டே மதியக் குழம்பை யோசித்தேன்." "7.50, காரை நிறுத்தியதும் புலனம் (வாட்ஸ்அப்) பார்த்துக்கொண்டே படி ஏறினேன்." "6.40 மாலை, செருப்பைக் கழற்றாமலே அடுப்பைப் பற்றவைத்தேன்."

மூன்று நாள் எழுதினால் ஒன்று தெரியவரும். வேலை செய்துகொண்டிருக்கும்போது நாம் அவ்வளவு பதறுவதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பதறுகிறோம். எழுந்ததும், வீட்டை விட்டுக் கிளம்பும்போது, அலுவலக வாசலில், வீடு திரும்பியதும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த மாறுமிடங்களைப் பற்றியதுதான். வேலையின் அளவு நம் கையில் இல்லாவிட்டாலும் மாறுமிடம் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

எழுதத் தொடங்கிய அன்றே திருத்தத் தொடங்குவது இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. பக்கத்து வீட்டு அக்கா முதல் நாள் மாலையே மூன்று புதிய பழக்கங்களைத் தொடங்கிவிட்டு என்னிடம் வந்து சொன்னார். ஒரு வாரத்தில் மூன்றும் போயின. எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல் வைத்த பழக்கங்கள் அவை, அவருக்குத் தேவையான இடத்தில் ஒன்றுகூட விழவில்லை.

2. இரவை ஒழுங்கு செய்யுங்கள் (இரண்டு வாரம்)

இருப்பதிலேயே பெரிய படி இது. மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்தவரால் மெதுவாக இருக்க முடியாது. முயன்றால் தூங்கி வழிவார், இல்லையென்றால் எரிந்து விழுவார். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அதை ஒரே நாளில் கொண்டுவர முடியாது என்பதால்தான் இரண்டு வாரம்.

முதல் மூன்று நாள் கைப்பேசியைப் படுக்கை அறைக்கு வெளியே வையுங்கள். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எழுப்ப அலாரம் கடிகாரம் இருக்கிறது. "அம்மா தனியாக இருக்கிறார், ராத்திரி அவசரமாகக் கூப்பிட்டால்?" என்று எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கவலைதான். கைப்பேசியைக் கூடத்தில் சார்ஜில் போட்டு, ஒலியைக் கூட்டி வையுங்கள். இரவில் குடும்பத்தாரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படியும், குழுச் செய்திகள் ஒலிக்காதபடியும் அமைத்துக்கொள்ளலாம். அழைப்பு வந்தால் கேட்கும். செய்தி வந்தால் காலையில் பார்க்கலாம்.

அப்புறம் தேநீர். மாலை ஐந்து மணிக்கு மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடிப்பது நம் ஊரில் பாதிப் பேருக்கு வழக்கம். கோப்பியிலும் தேநீரிலும் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடலாம், குறையலாம். ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது என்று பொருள். ஆகவே கடைசித் தேநீரை மூன்று மணிக்குக் கொண்டுவாருங்கள். மாலையில் நண்பர்களோடு உட்காருவதை விட வேண்டாம், குடிப்பதை மட்டும் மாற்றுங்கள். சூடான பார்லி இருக்கிறது, எலுமிச்சைச் சாறு இருக்கிறது. மைலோவிலும் கொஞ்சம் கஃபீன் உண்டு, ஆனால் தேநீர் அளவுக்கு இல்லை.

இந்த இரண்டும் படிந்த பிறகு படுக்கும் நேரத்தைத் தொடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னே நகர்த்துங்கள். பன்னிரண்டு மணிக்குப் படுக்கிறவர் இரண்டு வாரத்துக்குள் பதினொன்றுக்கு வந்துவிடலாம். ஒரேயடியாகப் பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் வராது, புரண்டு புரண்டு படுக்கையே ஒரு கவலையாகிவிடும். என் நாத்தனாருக்கு இதுதான் நடந்தது. முதல் இரவு பத்து மணிக்குப் படுத்து, ஒன்றரை மணி வரை விழித்திருந்து, "எனக்கெல்லாம் இது ஒத்துவராது அண்ணி" என்று மறுநாள் அழுதாள். பதினைந்து நிமிடக் கணக்குக்கு வந்த பிறகு ஒத்துவந்தது.

படுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்குச் செய்ய வேண்டியதை நோட்டில் ஐந்து வரிக்குள் எழுதி மூடிவிடுங்கள். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறது. தாளில் ஏறியதும் பெரும்பாலும் விட்டுவிடும்.

3. காலையில் பதினைந்து நிமிடம் (மூன்றாம் வாரம்)

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் நிறையப் பேர் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். நான்கு மணிக்கு எழுந்தால்தான் பிரம்ம முகூர்த்தம் என்று தமிழ்நாட்டுக் காணொளிகளில் கேட்டுவிட்டு, இங்கே கடிகாரத்தில் நான்கு மணிக்கு எழுகிறார்கள். சென்னையில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிக்கிறது. பினாங்கில் 7 மணிக்கும் 7.35க்கும் இடையில். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982இல் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது, அதோடு நாம் இருப்பதும் நாட்டின் மேற்குக் கரை. இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணிக்கு மேல்தான்.

பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன் தொடங்குவது. நம் ஊரில் அது ஏறக்குறைய ஐந்தரையிலிருந்து ஆறு மணிக்குள்தான் வருகிறது. ஆகவே நான்கு மணிக்கு எழுந்து தள்ளாடுகிறவர் சோம்பேறி இல்லை, சூரியக் கணக்கில் இரண்டரை, மூன்று மணிக்கே எழுந்திருக்கிறார். சாத்திரத்தை நம்புகிறவரும் ஐந்தரைக்கு எழுந்தால் போதும். நம்பாதவருக்கும் அதுவே போதும்.

செய்ய வேண்டியது இது. வழக்கமாக எழுவதைவிடப் பதினைந்து நிமிடம் முன்னால் எழுங்கள். இரண்டாம் படி நடந்திருந்தால் இது வலிக்காது. முகம் கழுவி, ஒரு குவளை ஏதாவது சூடாக எடுத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருங்கள். குடியுங்கள், வெளியே பாருங்கள். மந்திரம் சொல்ல விரும்பினால் சொல்லலாம், கட்டாயம் இல்லை. கைப்பேசி மட்டும் கூடத்திலேயே இருக்கட்டும்.

பதினைந்து நிமிடத்தில் எந்த ஞானமும் வராது, வர வேண்டியதும் இல்லை. நாளின் முதல் மாறுமிடத்தை, அதாவது படுக்கையிலிருந்து அடுப்படிக்குப் போகும் ஓட்டத்தை, இது உடைக்கிறது. முதல் நான்கைந்து நாள் கால் பரபரக்கும், எழுந்து ஏதாவது துடைக்கத் தோன்றும். தோன்றட்டும். எழுந்திருக்காதீர்கள்.

ஆறு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு ஜன்னலில் இருட்டுதான் இருக்கும். அவர்கள் விடிந்த பிறகு ஒரு பத்து நிமிடம் வெளி வெளிச்சத்தில் நில்லுங்கள், வேலையிடத்துக் கார் நிறுத்துமிடமானாலும் சரி. மேகமூட்டமான வெளிச்சம்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசமானது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் நாளைத் தொடங்கும், இரவில் நேரத்துக்குத் தூக்கம் வரும். நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொன்னதும் இதற்காகத்தான்.

4. பயணத்தை வேகத்திலிருந்து விடுவியுங்கள் (நான்காம் வாரம்)

பாலம் 13.5 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் பத்து நிமிடம். 65இல் போனால் பன்னிரண்டரை நிமிடம். தடம் மாறி மாறி, முன்னால் போகிற காரின் வாலைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை இறுகப் போய் நாம் மிச்சப்படுத்துவது இரண்டரை நிமிடம். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு என் கால் தானாகவே எக்ஸிலேட்டரில் இலகுவாயிற்று.

ஆனால் முதலில் கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள், வேகத்தைப் பிறகு. நேரம் தாழ்த்திக் கிளம்பிவிட்டு மெதுவாக ஓட்ட யாராலும் முடியாது. வேலைக்கு மணி ஆகிக்கொண்டிருக்கும்போது "நிதானம், நிதானம்" என்று சொல்லிக்கொண்டால் இன்னும் பதற்றம்தான் கூடும். பதினைந்து அல்லது இருபது நிமிடம் முன்னால் கிளம்புங்கள். முந்தின இரவே பையையும் சாவியையும் வாசலில் வைத்துவிட்டால் இதில் பாதி கிடைத்துவிடும். இடது தடத்தில் ஒரே சீராகப் போங்கள்.

போய்ச் சேர்ந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு மூன்று நிமிடம் காரிலேயே உட்காருங்கள். சாலையில் நடந்ததை அங்கேயே விட்டுவிட்டு இறங்க இந்த மூன்று நிமிடம் வேண்டும். மாலையில் வீட்டு வாசலில் இதையே செய்வது இன்னும் முக்கியம். வேலையிடத்துக் கோபம் வீட்டுக்குள் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். மோட்டாரில் போகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, நிழலில் நின்று தண்ணீர் குடியுங்கள். அவர்களுக்கு அதுவே மூன்று நிமிடம்.

ஜார்ஜ்டவுனில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஃபெரி. வாரத்தில் ஒரு நாளாவது காரை பட்டர்வொர்த்தில் இருக்கும் பினாங்கு சென்ட்ரல் நிலையத்தில் விட்டுவிட்டு நடந்துபோய் ஏறுங்கள். இப்போது ஓடும் ஃபெரிகளில் ஆட்களும் மோட்டாரும் சைக்கிளும் மட்டும்தான், கார் ஏறாது. கடலில் கால் மணி நேரம் போல. அந்த நேரம் நீங்கள் என்ன செய்தாலும் ஃபெரி சீக்கிரம் போகப் போவதில்லை, அதனால் மனம் தானே அடங்குகிறது. உள்ளே உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தால் மட்டும் பயன் போய்விடும். ஓரத்தில் நின்று தண்ணீரைப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் போகிறவர்களுக்கு இது சுற்று வழி, வற்புறுத்த மாட்டேன்.

மூச்சுப் பயிற்சியை வண்டி ஓட்டும்போது செய்யாதீர்கள். ஒரு பையன் நெரிசலில் கண்ணை மூடி மூச்சு எண்ணியதாக என்னிடம் சொன்னபோது எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது.

5. ஒரு வேளைச் சாப்பாடு (ஐந்தாம் வாரம்)

மூன்று வேளையையும் திருத்த வேண்டாம், ஒன்று போதும். எந்த வேளை உங்கள் கையில் இருக்கிறதோ அந்த வேளை. பெரும்பாலானவர்களுக்கு அது இரவுச் சாப்பாடு, சிலருக்கு மதியம்.

வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகிறது. நாசி கண்டாரை எட்டு நிமிடத்தில் முடிப்பவருக்கு அந்தச் செய்தி வருவதற்குள் இன்னொரு கரண்டிச் சோறும் உள்ளே போயிருக்கும். பிறகு மதியம் முழுக்க மந்தம், அந்த மந்தத்தை எழுப்ப இன்னொரு தே தாரிக், அந்தத் தே தாரிக்கால் இரவில் தூக்கமின்மை. இப்படித்தான் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகிறது.

தொலைக்காட்சியை அணையுங்கள், கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். கரண்டியை விட்டுக் கையால் சாப்பிடுங்கள். கையால் பிசைந்து எடுக்கும்போது கவளம் தானாகவே சின்னதாகும், வேகம் குறையும். ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மெல்வது என்று எண்ணத் தொடங்காதீர்கள். எண்ணுகிறவர் சாப்பாட்டைச் சுவைப்பதில்லை. பிள்ளைகள் கூட உட்கார்ந்தால் பேசுங்கள், பேச்சுக்காக நிறுத்துவதே போதுமான இடைவெளி.

6. மூச்சு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், ஆனால் இது ஆறாவதாக வர வேண்டியது. தூக்கமும் நேரமும் சரியாகாமல் மூச்சை மட்டும் பிடித்தால் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதை.

நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் விடுவது பன்னிரண்டிலிருந்து இருபது. மூச்சு வெளியே போகும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணிகிறது, அதனால்தான் விடுவதை நீட்டச் சொல்கிறேன். காரில் உட்காரும் அந்த மூன்று நிமிடம், எஞ்சினை அணைத்த பிறகு, இதற்குப் பொருத்தமான இடம். தலை சுற்றினால் பலமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

7. ஒரு பொறுப்பை இறக்கி வையுங்கள் (ஆறாம் வாரம்)

இதுவரை செய்ததெல்லாம் இருக்கிற வேலைகளுக்கு நடுவில் இடைவெளி விடுவது. இந்தப் படியில் ஒரு வேலையே குறைய வேண்டும். ஒன்றே ஒன்று.

நோட்டை எடுத்து முதல் மூன்று நாள் வரிகளைப் படியுங்கள். எந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் நீங்கள் செய்யாவிட்டால் யாருக்கும் பெரிய நட்டமில்லை? கோயில் குழுவின் மூன்றாவது புலனக் குழுவுக்குப் பதில் போடுவதாக இருக்கலாம். ஏற்கெனவே மூன்று டியூஷன் போகிற பிள்ளையை நான்காவதுக்குக் கொண்டுபோய் விடுவதாக இருக்கலாம். தினமும் இரண்டு வகைப் பொரியல் வைப்பதாகவும் இருக்கலாம். நான் இறக்கியது சனிக்கிழமை ஓவர்டைம். மாதம் சில நூறு வெள்ளி குறைந்தது, வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். எல்லாராலும் அதை விட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பணம் தொடர்பானதை இறக்க முடியாதவர்கள் பணம் தொடர்பில்லாத ஒன்றைத் தேடுங்கள், கட்டாயம் இருக்கும்.

சொல்லும் விதம் முக்கியம். "முடியாது" என்று முறித்தால் உறவு கசக்கும். "பார்க்கிறேன்" என்றால் வேலை உங்கள் தலையிலேயே இருக்கும். "அக்கா, இந்த மாதம் என்னால் முடியாது, அடுத்த ஆளைப் பாருங்கள்" என்று மரியாதையோடும் தெளிவாகவும் சொல்லுங்கள். காரணத்தை விளக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரில் இருப்பவர் ஒரு தீர்வு சொல்வார். காரணம் வேண்டாம்.

இறக்கிய இடத்தில் உடனே இன்னொரு வேலையை ஏற்றிவிடாதீர்கள். இந்தப் படியில் நான் பார்த்த எல்லாத் தோல்விகளும் இந்த ஒன்றுதான்.

8. வாரத்தில் ஒரு காலை வெளியே

இதற்கு நான் அழைத்துப்போகும் இடம் தண்ணீர்மலை. அங்கே தாவரவியல் பூங்கா 1884 முதல் இருக்கிறது, நுழைவு இலவசம். ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில் போய்ச் சேருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் ஏறிவிடும், நிறுத்த இடம் தேடுவதே ஒரு ஓட்டமாகும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், குடை கொண்டுபோங்கள். மழையை ஒரு சாக்காக்கிவிட்டால் மூன்று மாதம் போய்விடும்.

கடிகாரத்தையும் அடி எண்ணும் கருவியையும் கழற்றி வையுங்கள். பூங்காவைச் சுற்றி வேக நடை போகிறவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களோடு போட்டி போடக் கால் தானாகக் கிளம்பும். உடற்பயிற்சி நல்லதுதான், ஆனால் இந்த ஒரு காலை அதற்கானது இல்லை. நுழைவாயில் பக்கம் நாகலிங்க மரங்கள் இருக்கின்றன. அடிமரத்திலேயே பூக்கும் அந்தப் பூவை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்க நின்றவர்கள், அதன் பிறகு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. கீழே உதிர்ந்து கிடப்பதையே எடுங்கள், மரத்தில் இருப்பதைப் பறிக்க வேண்டாம்.

குரங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்டது, கையில் பிளாஸ்டிக் பை இருந்தாலே பிடுங்க வரும். சாப்பாட்டைக் காரில் வைத்துவிட்டு வெறும் கையோடு நடந்தால் நிம்மதி.

பக்கத்திலேயே பாலதண்டாயுதபாணி கோயில். அடிவாரத்திலிருந்து 513 படிகள். தைப்பூசத்தில் காவடியோடும் பால்குடத்தோடும் ஏறியவர்களுக்கு அந்தப் படிகள் கூட்டமும் முழக்கமுமாகத்தான் நினைவில் இருக்கும். சாதாரண ஞாயிறு காலையில் ஏறிப் பாருங்கள், அது வேறு மலை. ஐம்பது படிக்கு ஒருமுறை நில்லுங்கள், மூச்சு இரைக்காவிட்டாலும் நில்லுங்கள். இரைத்த பிறகு நின்றால் அது களைப்பாறுதல், இரைக்கும் முன் நின்றால்தான் சுற்றி இருப்பது கண்ணில் படும். மேலே போனதும் தரிசனம் முடிந்து உடனே இறங்கிவிடாதீர்கள். கடலும் ஊரும் தெரியும் பக்கமாக உட்காருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் படி ஏற வேண்டாம், பூங்காவின் சமதரையே போதும்.

கூட யாரை அழைத்துப்போவது? பேசாமல் நடக்கத் தெரிந்த ஒருவரை. அப்படி யாரும் இல்லையென்றால் தனியாகப் போங்கள். நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு வீட்டுக்கதைக்குப் போய்விடும், திரும்பி வரும்போது போனதைவிடக் கனமாக வருவீர்கள். மதியத்துக்கு உறவினர் வீட்டு விருந்தை வைத்துக்கொண்டு போனால் எட்டு மணிக்கே மனம் அங்கே போய்விடும், அதையும் தவிருங்கள்.

9. ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு

பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்ய முடியாது. வரிசை அதேதான், நேரம் மட்டும் மாறும். இரவு ஷிப்டில் உங்கள் "முந்தின இரவு" என்பது காலை ஏழு மணியிலிருந்து.

வேலை முடிந்து வீடு திரும்பும்போது, பேருந்திலோ காரில் அடுத்தவர் ஓட்டியோ வந்தால், கறுப்புக் கண்ணாடி போடுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பு நாளைத் தொடங்கிவிடும், பிறகு தூக்கம் பிடிக்காது. நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் அது வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவருக்கு அந்த வெளிச்சம் தேவை. ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். கடைசித் தேநீர் ஷிப்டின் முதல் பாதியோடு முடியட்டும். பகலில் உங்களை எழுப்பும் வேலைகளை, பார்சல் வாங்குவது, எரிவாயுத் தோம்பு மாற்றுவது போன்றவற்றை, வீட்டில் இன்னொருவர் பெயரில் மாற்றிவிடுங்கள். ஷிப்ட் மாறும் வாரத்தில் புதிய படி எதையும் தொடங்க வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

10. குலைந்துபோனால்

குலையும். மாமியார் மருத்துவமனையில் படுப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கணக்கு முடிக்கும் மாதம் வரும். எனக்கு இரண்டு முறை முழுசாகக் குலைந்திருக்கிறது. முதல் முறை, விட்ட எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மறுபடி தொடங்கப் பார்த்தேன். புதன்கிழமை எல்லாம் போய்விட்டது. இரண்டாவது முறை இரண்டாம் படிக்குத் திரும்பினேன், ஒரு வாரம் அதை மட்டும் செய்தேன், மற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

எத்தனை நாள் விட்டுப்போனது என்று எண்ண வேண்டாம். நோட்டில் விட்டுப்போன நாட்களுக்குச் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்த ஒரு தங்கை, கோடுகள் கூடியதும் நோட்டையே தூக்கி எறிந்துவிட்டாள். திரும்பும் நாளில் புதுப் பக்கம் திருப்பி, நாளைய வேலை ஐந்து வரி எழுதுங்கள். கைப்பேசியைக் கூடத்தில் சார்ஜில் போடுங்கள். பத்தேமுக்காலோ பதினொன்றோ, முன்பு கடைசியாகப் படுத்துப் பழகிய அந்த மணிக்கே விளக்கை அணையுங்கள்.